ஒட்டுப் போட்ட அக்சில்

தம்பிமாரே, தங்கச்சிமாரே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய கதையை இன்றைக்கு நான் சொல்லப்போவதில்லை.

போன மாதம் நமது மெக்கானிக்மாரின் ஒன்றுகூடலில் என்னைப் பிடித்து முன்வரிசையில் இருத்தி, "அண்ணை, பொருளாதாரத் தடைக் காலத்திலை காட்டின வித்தையளைச் சொல்லுங்கோ" என்று கேட்டீர்கள். சொன்னேன். கார்புரேட்டருக்குள் ஊசியால் நாலு துளி பெற்றோல் விட்டு, பிறகு மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓடவைத்த கதைக்குச் சிரித்தீர்கள். உதிரிப்பாகம் ஒன்றும் வராத அந்தக் காலத்தில், தேய்ந்த அக்சிலுக்கு வெல்டிங்கால் சதை வைத்து, லேத்தில் கடைந்து, திரும்பப் பூட்டிய கதைக்கு எழும்பி நின்று கை தட்டினீர்கள். அப்படியான கைதட்டலுக்கு ஆசைப்பட்டுத்தான் முன்பு ஒருமுறை நான் ஒரு மனிதனின் காலை முறித்தேன், ஒரு பெண்ணின் பிழைப்பில் மண் அள்ளிப் போடப் பார்த்தேன். அதை எல்லாருக்கும் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னைத் திட்டுங்கள். ஆனால் வாசியுங்கள்.

இது பழைய காலத்துக் கதை இல்லை. யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் என் கராஜ் நடந்த கடைசி வருடங்கள். சண்டையில் மூடிக்கிடந்த கொழும்புப் பாதை திறந்து எவ்வளவோ காலம். காலையில் கொழும்புக்கு ஒரு ஃபோன் எடுத்தால், கேட்ட சாமான் மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கும். இதை வடிவாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எனக்குச் சாட்டுச் சொல்ல ஒரு இடமும் இல்லை.

வடமராட்சி கிழக்குக் கரையில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் உப்பு. அந்த ஊர் மீனவர் சங்கத்திடம் நாலு சில்லும் இழுக்கிற, நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் பலம் போகிற, சின்ன ட்ரக் ஒன்று இருந்தது. அதன் பின் தட்டில் தண்ணீர்த் தாங்கியைப் பூட்டி, நல்ல தண்ணீர் நிரப்பி, மணலுக்குள்ளால் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மற்ற வாகனம் எதுவும் அந்த மணலுக்குள் இறங்காது. ஓட்டியவள் ஜெசிந்தா. முப்பத்தைந்து வயது இருக்கும். கரைவலை இழுக்கிற ட்ரக்டரில் ஓட்டம் பழகி, முறையாகக் கனரக லைசென்ஸ் எடுத்தவள். அந்தக் கரையில் லொறி லைசென்ஸ் வைத்திருந்த ஒரே பெண். அந்த வேலையை எடுக்க அவள் சங்கத்தோடு எவ்வளவு மல்லுக்கட்டினாள் என்று பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

ஒருநாள் ட்ரக்கை என்னிடம் கொண்டுவந்தாள். பக்கத்து இருக்கையில் சங்கத் தலைவர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன், ஆனால் தன்னுடைய குரலைத் தானே கேட்டு ரசிக்கிற ஆள். இடது பின் சில்லைக் கழற்றிப் பார்த்தால், சில்லைச் சுற்றுகிற அக்சில் தண்டில் பேரிங் இருக்கிற இடம் தேய்ந்துபோய் இருந்தது.

"அண்ணை, இது தேஞ்சு முடிஞ்சுது. புது அக்சில் ஒண்டு எடுப்பமே?" என்றாள் ஜெசிந்தா.

நான் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பு என் காதில் கேட்கிறது.

"பிள்ளை, இந்தக் கையாலை எத்தினை அக்சில் ஒட்டியிருக்கிறன் எண்டு தெரியுமோ? ஒண்டுமே வராத காலத்திலை இந்தக் குடாநாடு ஓடினது எங்கடை ஒட்டிலைதான்."

"அண்ணை ஒட்டினால் அதைச் செய்த கொம்பனிக்காரனே வந்து கும்பிடுவான்" என்றார் தலைவர். "உவளுக்கு உதுகள் விளங்காது. நீங்கள் ஒட்டுங்கோ."

"நான் சும்மா கேட்டனான்" என்று அவள் ஒதுங்கி நின்றாள்.

ஒட்டினேன். கடைந்தேன். முகம் பார்க்கலாம் போல மினுக்கினேன். கராஜில் நின்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தேன். புது அக்சில் கிடைக்காமலா ஒட்டினேன்? இல்லை. எனக்குப் புகழ் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

இதில் என்ன பிழை என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். அக்சில் இரும்பு பதம் போட்ட இரும்பு. அதில் வெல்டிங் சூடு பட்டால் ஒட்டின கரையோரம் கண்ணாடி மாதிரி நொறுங்குகிற குணம் வரும். அதோடு இந்தச் சின்ன ட்ரக்குகளில் அந்தத் தண்டுக்கு இரண்டு வேலை. பாரத்தையும் அதுதான் தாங்க வேண்டும், சில்லையும் அதுதான் சுற்ற வேண்டும். தலையில் தண்ணீர்க் குடமும் வைத்து, கையில் ஆட்டுக்கல் குழவியும் கொடுத்து ஆட்டு என்று சொல்வது போல. ஒவ்வொரு சுற்றிலும் அது ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. ஒட்டின கரையில் ஒரு மயிர்க்கோடு வெடிப்பு விழுந்தால், சுற்றுக்குச் சுற்று அது உள்ளே போகும். தண்டு முறிந்தால் சில்லும் தண்டோடு கழன்று போய்விடும், ஏனென்றால் சில்லைப் பிடித்திருப்பதே தண்டின் நுனிதான்.

இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எனக்கு ஒட்டப் பழக்கியவர் அதைச் சொல்லித்தான் பழக்கினார். தடைக் காலத்தில் அவர் ஒவ்வொரு அக்சிலை ஒட்டி முடித்ததும் வாகனக்காரனின் முகத்துக்கு நேரே சொல்வார்: "இது ஒண்டும் இல்லாத நாளைக்குச் செய்த வேலை. சாமான் வாற அண்டைக்குக் கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசு போடு." சொல்லிவிட்டு, அக்சிலின் முகத்தில் உளியால் இரண்டு வெட்டு வெட்டுவார், அடுத்தமுறை கழற்றுகிறவன் அது ஒட்டு என்று அறிய வேண்டும் என்பதற்காக. ஆட்கள் ஏறுகிற பஸ்ஸுக்கு ஒரு நாளும் ஒட்டமாட்டார். விறகு லொறிக்கு மட்டும் ஒட்டுவார். அந்தப் பயம் முழுவதையும் நாங்கள் விட்டுவிட்டு, வித்தையை மட்டும் பிடித்துக்கொண்டோம். சாமான் வந்தது, கடை கடையாகத் தொங்கியது, நாங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டே இருந்தோம். யாழ்ப்பாணத்து மெக்கானிக் என்றால் எதையும் எறியமாட்டான் என்று பேர் எடுக்கவேண்டுமே! நான் ஜெசிந்தாவின் ட்ரக் அக்சிலில் உளி வெட்டுக்கூடப் போடவில்லை.

இரண்டு மாதம் போக, ஜெசிந்தா வந்தாள்.

"அண்ணை, இடது பின் சில்லுப் பக்கம் ஒரு சத்தம். தாங்கி நிரம்ப இருக்கேக்கைதான் கேக்குது. வெறும் ட்ரக்கெண்டால் இல்லை."

ஜக் வைத்துத் தூக்கி, சில்லைக் கையால் சுற்றினேன். சத்தம் இல்லை. எப்படி இருக்கும்? பாரம் ஏற்றினால்தான் கேட்கிறது என்று அவள் சொல்கிறாள், நான் சில்லை அந்தரத்தில் தூக்கிச் சுற்றிப் பார்க்கிறேன்! "மணல், பிள்ளை. பிறேக் ட்ரம்முக்கை மணல் பூந்திட்டுது" என்று தண்ணீர் அடித்துக் கழுவி அனுப்பினேன்.

பிறகும் வந்தாள்.

"சத்தம் மாறிப்போச்சு அண்ணை. இப்ப இருக்கைக்குள்ளாலை ஒரு உதறல் வருகுது. ஒருக்கா என்னோடை ஏறி ஓடிப் பாருங்கோவன். பத்து நிமிசம்."

எனக்கு அன்றைக்கு வேறு ஒரு எஞ்சினுக்குள் கை. "நேரமில்லைப் பிள்ளை. ஓடு, ஒண்டும் ஆகாது" என்றேன். அவள் போனபிறகு கராஜில் நின்றவர்களைப் பார்த்து, "பொம்பிளையளுக்குச் சத்தம் கேக்கத் துடங்கினால் நிக்குமோ?" என்று ஒரு பகிடி விட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். இப்போது நினைத்தால் என் வாயில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது. பத்து நிமிடம்தான் கேட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஃபோன் வந்தது. மாதா கோவிலடி வளைவில் சில்லு கழன்றுவிட்டது. கிழிந்த வலை பொத்திக்கொண்டு பூவரச மரத்துக்குக் கீழே இருந்த சூசை என்ற மீனவரின் காலில் அந்தச் சில்லு அடித்து எலும்பு முறிந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது சூசையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். ட்ரக் பின்பக்கம் நிலத்தில் குந்தி நின்றது. நிரம்பிய தாங்கியோடு அது பிரளாமல் நின்றதே பெரிய காரியம். ஸ்டியரிங்கை நேரே பிடித்து, பிறேக்கை அழுத்தாமல் மணல் பக்கம் விட்டு நிறுத்தியிருக்கிறாள். ரயர் தடம் அப்படியே கிடந்தது, பார்க்கத் தெரிந்தவனுக்கு அது போதும். ஆனால் அங்கே ஒருவரும் தடத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்துத்தான் கத்திக்கொண்டு நின்றார்கள்.

"கண்மண் தெரியாமல் ஓடியிருக்கிறாள்! உந்த வளைவிலை ஆரும் உப்பிடி ஓடுவினமோ?" என்றார் தலைவர்.

"பொம்பிளையிட்டை லொறியைக் குடுக்க வேண்டாம் எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றான் இன்னொருவன்.

"நான் ரெண்டாம் கியரிலைதான் வந்தனான்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றாள். சூசையின் காலுக்குத் தடி வைத்துக் கட்டத் தன் சால்வையைக் கிழித்துக் கொடுத்தவளும் அவள்தான். ஒருவரும் அவளுக்குக் காது கொடுக்கவில்லை.

முறிந்த துண்டைக் கையில் எடுத்தேன். முறிவு முகத்தில் முக்கால்வாசி கறுத்து, துருவேறிக் கறள் பிடித்திருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இடம் வெள்ளையாக மினுங்கியது. அந்த மினுக்கம்தான் அன்று காலை முறிந்தது. மற்றதெல்லாம் மாதக்கணக்காக வெடித்துக்கொண்டு வந்தது. வெடிப்புத் தொடங்கிய இடம் என்னுடைய ஒட்டின் கரை. ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

விளங்கி என்ன செய்தேன்? துண்டைச் சாக்கில் சுற்றி என்னுடைய வான் வண்டிக்குள் போட்டேன். "பாத்துச் சொல்லுறன்" என்றேன். பார்ப்பதற்கு என்ன இருந்தது? நாற்பது வருடம் இரும்போடு கிடந்தவனுக்கு அதில் பார்க்க ஒன்றும் இல்லை. அந்தப் பெண் எனக்கு நேரே நிற்கிறாள், என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், நான் வண்டியில் ஏறிப் போய்விட்டேன்.

மறுநாள் தலைவர் கராஜுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டமாம். ஜெசிந்தாவை வேலையால் நிற்பாட்டப் போகிறார்களாம். பொலிசுக்கும் எழுதிக் கொடுத்து லைசென்ஸை இல்லாமல் செய்ய வேண்டுமாம். அதற்கு என்னுடைய கராஜ் கடிதத்தில் இரண்டு வரி வேண்டும்.

"அளவுக்கு மிஞ்சின வேகத்தாலை அக்சில் முறிஞ்சுது எண்டு எழுதுங்கோ அண்ணை. உங்கடை பேரும் தப்பும், எங்கடை சோலியும் முடியும்."

உங்கடை பேரும் தப்பும்! நான் ஒட்டும்போது பக்கத்தில் நின்று தட்டிக் கொடுத்த ஆள். அவருக்கும் விளங்கியிருக்கிறது என்று அந்தப் பேச்சிலேயே தெரிந்தது.

"அவளின்ரை பிழைப்பு?" என்று பேருக்குக் கேட்டேன்.

"அவளுக்கென்ன? புருஷன் கடலுக்குப் போறான்தானே. வீட்டிலை இருந்து சமைக்கட்டும்."

எழுதினேன். ஓம், எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். உங்களில் யாராவது "நானெண்டால் எழுதியிருக்க மாட்டன்" என்று நினைத்தால் நல்லது, அப்படியே இருங்கள். ஆனால் முன்னால் ஒரு ஆள் நின்று உங்கள் பெயரைக் காப்பாற்றித் தருகிறேன் என்று சொல்லும்போது பேனை எவ்வளவு லேசாக ஓடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஜெசிந்தா பஸ் ஏறிக் கராஜுக்கு வந்தாள். கண் இரண்டும் சிவந்துபோய் இருந்தன.

"முறிஞ்சதை ஒருக்காப் பாக்கலாமோ அண்ணை?"

"அது… உள்ளுக்கை எங்கையோ கிடக்குது பிள்ளை. நீ பாத்து என்ன செய்யப்போறாய்?"

"பாக்க வேணும்."

சாக்கு மேசைக்குக் கீழேதான் கிடந்தது. அவளே குனிந்து இழுத்தெடுத்தாள். துண்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தாள். பெருவிரலால் ஒருமுறை தேய்த்தாள்.

"முறிஞ்சது செவ்வாய்க்கிழமை. இண்டைக்கு வெள்ளி. சாக்குக்கை மூண்டு நாள் கிடந்ததுக்கு இவ்வளவு கறள் வருமோ?"

நான் மேசையில் கிடந்த ஸ்பானரைத் துடைக்கத் தொடங்கினேன்.

"எங்கடை நங்கூரச் சங்கிலி உப்புத் தண்ணிக்கைதான் கிடக்கிறது. புதுசா அறுந்த இடம் வெள்ளையா இருக்கும். கறுத்திருந்தால் அது கனநாளா அறுந்துகொண்டு வந்தது. எங்கடை ஊரிலை சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதோ அண்ணை?"

"தெரியும் பிள்ளை."

"எப்ப தொடக்கம்?"

"செவ்வாய்க்கிழமை தொடக்கம்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் அங்கே கிடந்த பழைய ரயரில் குந்தி இருந்துவிட்டாள்.

"மூண்டு நாளா நித்திரை இல்லை. எங்கை பிழை விட்டனான், கியர் மாத்தினதிலையோ, வளைச்சதிலையோ எண்டு யோசிச்சு யோசிச்சு மண்டை வெடிக்குது. சூசை அண்ணையிட்டை ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தரம் போய், என்னை மன்னியுங்கோ எண்டு அழுதனான். நீங்கள் உதைச் சாக்காலை மூடி வைச்சுக்கொண்டு இருந்திருக்கிறியள்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் கடிதத்தைப் பற்றியும் அவளிடம் சொன்னேன். அவள் துண்டை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம். மண்டபம் நிறையச் சனம். தலைவர் என்னுடைய கடிதத்தை நல்ல கணீரென்ற குரலில் வாசித்தார். வாசித்து முடிக்கும்போது நான் எழும்பி, முறிந்த இரண்டு துண்டையும் அவருடைய மேசையில் வைத்தேன். மேசை அதிர்ந்தது.

"அந்தக் கடிதம் பொய். எழுதினது நான். இந்த அக்சிலை ஒட்டினதும் நான். புதுசு போடச் சொல்லி இந்தப் பிள்ளை கேட்டவள், நான் கேக்கேல்லை. சத்தம் வருகுதெண்டு ரெண்டு தரம் வந்து சொன்னவள், நான் பாக்கேல்லை. பிழை என்ரை. அவளின்ரை இல்லை."

"அண்ணைக்கு வெயில் பிடிச்சிட்டுது போல கிடக்கு" என்று தலைவர் சிரிக்கப் பார்த்தார்.

நான் துண்டைத் தூக்கி முன்வரிசையில் இருந்தவரின் கையில் கொடுத்தேன். கடலில் உழைத்த மனிதர்கள். ஒருவருக்கும் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கை மாறி மாறிப் போனது. ஒவ்வொருவரும் ஜெசிந்தா செய்ததுபோலவே பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார்கள். "இது கனநாள் கறள்" என்றார் ஒருவர். பின்னாலிருந்து, "எட ஓம்!" என்று சத்தம் வந்தது.

"சரி, அப்பிடியெண்டாலும் அவள் கொஞ்சம் பாத்து ஓடியிருக்க வேணும்…" என்று தலைவர் இழுத்தார். பிழை எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் அவளிடம்தான் கொண்டுவந்து விடுகிறார், பாருங்கள்!

காலில் மாக்கட்டுப் போட்டு ஒரு கதிரையில் சூசை இருந்தார். அவர்தான் சத்தம் போட்டார்: "கால் முறிஞ்சவன் நான் இருக்கிறன். எனக்கில்லாத கோவம் உமக்கேன்? உந்தக் கடிதத்தைக் கிழியும்."

கிழித்தார். பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல, "சரி, போனது போகட்டும். அண்ணை புது அக்சில் ஒண்டு போட்டுத் தரட்டும். ஜெசிந்தா நாளைக்கே வேலைக்கு வரட்டும்" என்று தலைவர் பெரிய மனதோடு தீர்ப்புச் சொன்னார். சனம் தலையாட்டியது.

"நான் வரமாட்டன்" என்றாள் ஜெசிந்தா.

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "புதுசும் ஒருநாள் முறியும்தானே அண்ணை?"

"முறியலாம்."

"முறிஞ்சால் திரும்பவும் சில்லு கழண்டு ஓடும். திரும்பவும் என்னைத்தான் பிடிப்பினம். அக்சில் முறிஞ்சாலும் சில்லு நிக்கிற மாதிரி ஒண்டு இல்லையோ?"

"இருக்குப் பிள்ளை. பெரிய லொறியளிலை இருக்கு. அதிலை பாரத்தை வெளியிலை இருக்கிற குழல் தாங்கும். சில்லு அந்தக் குழலிலை தனிய ரெண்டு பேரிங்கிலை இருக்கும். அக்சில் உள்ளுக்கை நிண்டு சுத்திற வேலையை மட்டும் செய்யும். முறிஞ்சாலும், ஏன் கழட்டி எடுத்தாலும், சில்லு போகாது. ஃபுல் ஃப்ளோட்டிங் எண்டு சொல்லுறது."

"அப்ப அதைச் செய்து தாங்கோ. பிறகு ஓடுறன்."

நாற்பது வருடத்தில் என்னிடம் வந்த வாகனக்காரரில் இவ்வளவு சரியான கேள்வியை யாரும் கேட்டதில்லை. முறியாத அக்சில் கேட்டு வந்தவர்கள் ஆயிரம் பேர். முறிந்தால் என்ன ஆகும் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான்.

மாற்றிய வேலையின் அளவு கணக்கெல்லாம் இங்கே எழுதமாட்டேன். அதைக் கற்றுத்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். சில்லு இருக்கிற அந்தக் குழல் முனையை அச்சுக் கூட்டோடு போல்ட்டில் பூட்ட வேண்டும். கொழும்பிலிருந்து வந்த குழல் முனைச் சோடியை வைத்துப் பார்த்தால் ஓட்டைகள் ஒரு நூலளவு விலகி நின்றன. அந்த நேரம் பார்த்துத் தலைவரின் ஃபோன். "அண்ணை, சனம் தண்ணிக்குக் கத்துது. ட்ரக்டரிலை கொண்டுவாறது அரைவாசி வீட்டுக்கும் காணாது. அந்த முனையை ஒட்டிப்போட்டால் நாளைக்கே முடியுமாம் எண்டு ஒராள் சொல்லுறான். கெதியாப் பாருங்கோவன்."

தண்ணீருக்குச் சனம் கத்தியது உண்மை. ஒட்டினால் மறுநாள் முடியும் என்பதும் உண்மை. என் கை வெல்டிங் பிடியில் இருந்தது. யாரும் இழுக்காமலே போயிருந்தது, வெட்கம் கெட்ட கை. நான் பிடியைக் கீழே போட்டு, சுவரில் இருந்து வயரைப் பிடுங்கி, சுருட்டி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சோடியைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே கொழும்புக்குப் பஸ் ஏறினேன். சரியானது கிடைக்க நாலு நாள் கூடுதலாகப் போனது. அந்த நாலு நாளும் தலைவர் ஃபோனில் என்னைத் திட்டினார். கேட்டுக்கொண்டு இருந்தேன். உங்களுக்கும் "கெதியா, கெதியா" என்று ஃபோன் வரும். திட்டட்டும். திட்டு எலும்பை முறிக்காது.

ட்ரக்கை ஊருக்குக் கொண்டுபோன அன்று தலைவர் மாலையோடு நின்றார். படம் எடுக்க ஆளும் வைத்திருந்தார். ஜெசிந்தா மாலையைப் பார்க்கவே இல்லை. தாங்கியை விளிம்பு வரைக்கும் நிரப்பச் சொன்னாள். நிரம்பியதும் என்னிடம் வந்தாள்.

"பின் அக்சில் இடம், வலம் ரெண்டையும் கழட்டுங்கோ."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?" என்றார் தலைவர். "அக்சில் இல்லாமல் ட்ரக் ஓடுமோ?"

"முன் சில்லு ரெண்டும் இழுக்கும். அதுக்குத்தானே நாலு சில்லும் இழுக்கிற ட்ரக். கழட்டியெடுத்தாலும் சில்லு போகாதெண்டு அண்ணை மண்டபத்திலை சொன்னவர். நான் பாக்க வேணும்."

அவள் கேட்டது சரி. போல்ட்டுகளைக் கழற்றி இரண்டு தண்டையும் உருவி எடுத்து, சனம் பார்க்க மணலில் போட்டேன். ஓட்டையைத் தகரத்தால் மூடினேன். நிரம்பிய தாங்கியோடு ட்ரக் ஒரு அங்குலமும் குந்தாமல் நின்றது. சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"இனி நீங்கள் ரெண்டு பேரும் கோயிலடி வளைவுக்குப் போங்கோ" என்றாள். "சூசை அண்ணை இருந்த இடத்திலை நில்லுங்கோ."

தலைவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவருடைய சிரிப்பும் நின்றது. சனம் பார்த்துக்கொண்டு நின்றது. போகாமல் இருக்க அவருக்கு வழி இல்லை. இருவரும் நடந்து போனோம். பூவரசுக்குப் பக்கத்தில் போனதும் அவர் மெல்ல மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார். நான் றோட்டோரம் நின்றேன்.

ட்ரக் வந்தது. இரண்டாம் கியர், எனக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. அந்தச் சில்லில் ஒவ்வொரு நட்டையும் என் கையால் இறுக்கி, தளர்த்தி, திரும்ப இறுக்கியவன் நான். அது கழலாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ட்ரக் வளைவில் திரும்பி என் பக்கமாகச் சாய்ந்து வந்தபோது கால் தானாக ஒரு அடி பின்னால் போனது. கண் இடது பின் சில்லை விட்டு அகலவில்லை. சில்லு என்னைத் தாண்டிப் போனது. பூட்டிய இடத்தை விட்டு விலகாமல் சுற்றிக்கொண்டே போனது.

அவள் சற்றுத் தள்ளி நிறுத்தி, யன்னலால் தலையை வெளியே நீட்டினாள்.

"பயந்தியளோ அண்ணை?"

"ஓம் பிள்ளை."

"நான் மாசக்கணக்கா ஒவ்வொரு நாளும் உப்பிடிப் பயந்து பயந்துதான் ஓடினனான்" என்றாள். "உங்களிட்டை வந்து சொன்னனான்."